ஐந்து முதல் ஏழு வரை

அழைப்பில் முடியும் நேரத்தையும் சேர்த்து எழுதியது நான்தான். அந்தப் பழியை வேறு யார் தலையிலும் கட்ட முடியாது.

மளிகைக் கடையில் நான் வாங்கும் மாத இதழில், வீட்டில் காக்டெயில் விருந்து வைப்பது எப்படி என்று நான்கு பக்கங்கள் போட்டிருந்தார்கள். படத்தில் முத்துமாலை அணிந்த ஒருத்தி, நீளக் காம்பு வைத்த கண்ணாடிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் இருந்த ஜன்னலில் ஒரு பெருநகரமே விளக்கேற்றிக் கிடந்தது. எங்கள் ஜன்னலில் தெரிவது பக்கத்து வீட்டு நார்பர்டின் கார் கொட்டகையும் அதன் கூரையில் இரண்டடிப் பனியும்தான். இருந்தாலும் அந்தப் பக்கங்களை நான் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே ஒட்டிவைத்து, பத்து நாட்கள் தினமும் படித்தேன். அதில் மூன்றாவது விதி இது: அழைப்பில் தொடக்க நேரத்தோடு முடியும் நேரத்தையும் குறிப்பிடுங்கள், விருந்தினர்கள் நன்றி சொல்வார்கள்.

ஆகவே எட்டு அட்டைகளில், என்னுடைய நல்ல கையெழுத்தில், சனிக்கிழமை மாலை ஐந்து முதல் ஏழு வரை என்று எழுதினேன்.

விருந்துக்குக் காரணம் நார்பர்டும் வயோலாவும். வயோலாவின் நுரையீரலுக்கு இந்த ஏரிக்காற்று ஆகாது, வறண்ட ஊருக்குப் போனால்தான் பிழைப்பாள் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அரிசோனாவில் வீடு பார்த்துவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் கிளம்புகிறார்கள். ஊருக்குச் சொன்ன காரணம் வழியனுப்பு விருந்து என்பது. எனக்கு மட்டும் தெரிந்த காரணம் வேறு. செவ்வாய்க்கிழமைக்குள் என் கணவன் எல்ராய் நார்பர்டிடம் வானிலையைத் தவிர வேறு ஏதாவது பேசியாக வேண்டும்.

பதினோரு வருடங்கள் பக்கத்துப் பக்கத்து வீடு. மான் வேட்டைக்கு ஒரே கூடாரம். எங்கள் நிலவறையில் இருக்கும் மதுமேடையை இரண்டு பேரும் சேர்ந்துதான் கட்டினார்கள். பழைய பௌலிங் பந்துருட்டு அரங்கு ஒன்றை இடித்தபோது அதன் தரைப் பலகையை வாங்கி வந்து, ஒரு முழுக் குளிர்காலம் இழைத்து மெருகேற்றினார்கள். பந்தைக் குறிபார்ப்பதற்காகப் பதித்திருந்த அம்புக்குறிகள் இன்னும் அதில் தெரியும். இப்படிப்பட்ட இருவர் நவம்பரிலிருந்து வேலிக்கு இரண்டு பக்கமும் நின்று, இன்றைக்குப் பனி அதிகம், ஆமாம் அதிகம்தான் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள்.

நார்பர்ட் ஊரை விட்டுப் போகிறான் என்பதை எல்ராய் இறைச்சிக் கடையில் தெரிந்துகொண்டான். அதுதான் விஷயம். கடைக்காரர் கிளெம் எடைபோட்டுக்கொண்டே சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்த எல்ராய் பொட்டலத்தைக் குளிர்ப்பெட்டியில் வைத்தான். அன்று நான் கேட்டுக் கேட்டு வாங்கியது ஒரே வாக்கியம்தான். "அவனுக்கே சொல்லத் தோணல, நான் எதுக்குக் கேக்கணும்?"

அழைப்பு அட்டையைக் கொடுக்கப் போனபோது வயோலா அதை விளக்குக்கு அருகில் பிடித்துப் படித்தாள். படித்துவிட்டு இருமினாள். பிறகுதான் அது சிரிப்பு என்று புரிந்தது.

"ஏழு மணிக்கு நீங்க எங்கடி போறீங்க?"

"எங்கயும் போகல. அப்படித்தான் போடணுமாம், புத்தகத்துல இருக்கு."

"பாவம் லோர்னா. சரி, கடிகாரத்தப் பாத்துக்கறோம்."

அவள் விளையாட்டாகச் சொன்னாள் என்றுதான் நினைத்தேன். எங்கள் ஊர்க்காரர்களைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். எனக்காவது தெரிந்திருக்க வேண்டும். எழுத்தில் போட்டுவிட்டால் அது எங்களுக்குத் தேவாலய மணி மாதிரி.

வெள்ளிக்கிழமை முழுக்கச் சமையலறையில் நின்றேன். பன்றித்தொடை இறைச்சியை மெல்லியதாக வெட்டி, உள்ளே பாலேடும் ஊறுகாய் வெள்ளரியும் வைத்துச் சுருட்டினேன். செலரித் தண்டுகளில் சீஸ் நிரப்பினேன். கம்பு ரொட்டித் துண்டுகளின் மேல் பச்சை மாட்டிறைச்சிக் கொத்தும் வெங்காயமும் வைப்பது புத்தகத்தில் இல்லை. ஆனால் அது இல்லாமல் கிளெம் எங்கள் படியேற மாட்டார். புத்தகம் சொன்னபடி ஜின் இரண்டு பாட்டில் வாங்கினேன், ஆலிவ் காய் ஒரு புட்டி வாங்கினேன், காம்பு வைத்த கோப்பைகள் பதினெட்டை என் அக்காவிடம் இரவல் வாங்கினேன்.

எல்ராய் பாட்டில்களைப் பார்த்தான். "பிராந்தி எங்க?"

"இது காக்டெயில் விருந்து. மார்ட்டினிதான் கொடுக்கணும்."

ஒரு நாற்காலித் தொழிற்சாலையில் இருபது வருடமாக மரச்சட்டம் சேர்ப்பவன் அவன். எது நிற்கும், எது விழும் என்று பார்த்தாலே தெரியும். போய் நான்கு பாட்டில் பிராந்தியும் ஒரு பை ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு வந்து, மேடைக்கு அடியில் வைத்துவிட்டான்.

சனிக்கிழமை நான்கு மணிக்கு மறுபடியும் பனி கொட்டியது. எல்ராய் நடைபாதையைச் சுத்தம் செய்துவிட்டு வந்து, தன்னுடைய சிவப்புக் கட்டம் போட்ட வேட்டைக் கோட்டைக் கழற்றிப் படுக்கையறைக் கட்டிலில் எறிந்தான். அங்கேதான் விருந்தாளிகளின் கோட்டுகளை வைக்கப்போகிறோம், எடுத்து மாட்டு என்றேன். அதற்குள் அழைப்புமணி அடித்துவிட்டது.

ஐந்தாக இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது. எட்டு அட்டைக்கும் உரிய பதினாறு பேரும் வாசலில் வரிசையாக நின்றார்கள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கோட்டுகளை வாங்கி வாங்கிக் கட்டிலில் குவித்தேன். நார்பர்ட் கழுத்துப்பட்டை கட்டி, நல்ல சூட் போட்டு, அதற்கு மேலே எல்ராயிடம் இருக்கும் அதே சிவப்புக் கட்டம் போட்ட கோட்டை மாட்டிக்கொண்டு வந்திருந்தான். ஒரே நாளில், ஒரே கடையில் இருவரும் வாங்கியவை. எல்ராய் உயரம் என்பதால் அவனுடையது பெரியது. நார்பர்டின் கோட்டில் ஒரு பொத்தான் மட்டும் பழுப்பு நிறம். தொலைந்துபோனதற்குப் பதிலாக வயோலா தைத்தது. நல்ல கோட்டைப் பெட்டியில் கட்டியாகிவிட்டதாம். வயோலா என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். "இதப் போட்டுட்டு வந்தா புத்தகத்துல இருக்கிற பொண்ணு மயக்கம் போட்டுடுவா, இல்ல?" என்றாள்.

நிலவறையில் முதல் இருபது நிமிடங்கள் புத்தகத்தில் இருப்பது போலவே நடந்தன. எல்லோரும் மார்ட்டினியைக் கையில் பிடித்து நின்றார்கள். காம்பை எங்கே பிடிப்பது என்று தெரியாமல், கிளெம் கிண்ணத்தை அடியில் தாங்கிப் பிடித்திருந்தார், பறவைக் குஞ்சைப் பிடிப்பது மாதிரி. அவர் மனைவி இர்மா ஒரு வாய் குடித்துவிட்டு, நல்லா இருக்கு, கிறிஸ்துமஸ் மரத்த நக்கின மாதிரி இருக்கு என்றாள். அதன் பிறகு யாரும் குடிக்கவில்லை. எல்லோரும் மரியாதையாக ஆலிவ் காயை மட்டும் எடுத்துத் தின்றார்கள்.

ஐந்து இருபதுக்கு எல்ராய் மேடைக்குப் பின்னால் போனான். கனத்த அடிப்பாகம் கொண்ட எங்கள் வழக்கமான கண்ணாடிகளை வரிசையாக வைத்தான். சர்க்கரைக் கட்டி, அதன் மேல் கசப்புச் சாறு நான்கு சொட்டு, ஆரஞ்சு வில்லை, செர்ரி. மரக்குழவியால் நசுக்கும் சத்தம் கேட்டதும் அறை முழுக்க ஒரு பெருமூச்சு எழுந்தது. பிராந்தியை ஊற்றியபடி, இனிப்பா புளிப்பா என்று ஒவ்வொருவரையும் கேட்டு, அதற்கேற்ற சோடாவை மேலே நிரப்பினான்.

நார்பர்டின் முறை வந்தது. அவனிடம் மட்டும் எல்ராய் கேட்கவில்லை. பாதி இனிப்பு, பாதி வெறும் சோடா, செர்ரி இரண்டு. செய்து மேடையில் தள்ளினான்.

"இன்னைக்குப் பனி ஜாஸ்தி" என்றான் நார்பர்ட்.

"ஜாஸ்திதான்" என்றான் எல்ராய்.

எனக்கு அந்த இரண்டு பேர் தலையையும் பிடித்து மோத வேண்டும் போல இருந்தது. ஆனாலும் நான் பதறவில்லை. ஏனென்றால் எங்கள் ஊரில் யாரும் விருந்தின் நடுவே முக்கியமான எதையும் பேசமாட்டார்கள். முக்கியமானதெல்லாம் கிளம்பும்போதுதான். முதலில் யாராவது ஒருவர் முழங்காலில் தட்டி, சரி, அப்ப, என்பார். எல்லோரும் எழுந்து நிற்பார்கள். நின்றபடி அரைமணி நேரம். பிறகு படியேறிச் சமையலறையில் கால்மணி நேரம். கோட்டு மாட்டிக்கொண்டு, கையுறை போட்டுக்கொண்டு, வாசற்கதவைத் திறந்துவைத்து, குளிரில் இன்னும் அரைமணி. அந்தக் கடைசி அரைமணியில்தான் எனக்குத் தெரிந்த எல்லாக் கல்யாணங்களும் பேசி முடிக்கப்பட்டன. என் அப்பா தனக்குப் புற்றுநோய் என்பதை என் மாமாவிடம் சொன்னது அப்படித்தான், ஒரு கை கதவுப்பிடியில் இருக்க. எல்ராய் என்னைக் கட்டிக்கொள்வாயா என்று கேட்டதும் எங்கள் வீட்டு வாசலில்தான். அதற்குள் அவன் நான்கு தடவை விடைபெற்றிருந்தான்.

ஆகவே நான் பொறுமையாகத் தட்டை ஏந்திச் சுற்றிவந்தேன். ஏழு மணி ஆகட்டும், யாராவது முழங்காலில் தட்டட்டும், நார்பர்டை எப்படியாவது கடைசி ஆளாக நிறுத்திவைக்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

ஏழு மணியும் ஆனது. கிளெம் கைக்கடிகாரத்தைப் பார்த்து, முழங்காலில் தட்டினார். "சரி, அப்ப."

பதினாறு பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். கண்ணாடிகளை மேடையில் வைத்தார்கள். படியேறினார்கள். யாரும் சமையலறையில் நிற்கவில்லை. நான் அவர்களுக்குப் பின்னால் ஓடினேன். இருங்க, இன்னும் ஒரு ரவுண்டு இருக்கு, கொஞ்சம் சாப்பிட்டுப் போங்க என்றேன். ஆனால் அதை எங்கள் ஊரில் கிளம்புகிற எல்லோரிடமும் எல்லோரும் சொல்வார்கள். அதற்கு அர்த்தம் போய் வாருங்கள் என்பதுதான். இர்மா என் கன்னத்தைத் தொட்டு, ரொம்ப அழகா எழுதியிருந்த, லோர்னா, ஏழுன்னா ஏழு, உனக்கும் ஓய்வு வேணுமில்ல என்றாள்.

நார்பர்ட் வாசலில் கை நீட்டினான். எல்ராய் குலுக்கினான்.

"குளிர் ஏறுது."

"பூச்சியத்துக்குக் கீழ பத்துன்னு ரேடியோல சொன்னான்."

"சரி."

"சரி."

ஏழு எட்டுக்கு வீடு காலியாகிவிட்டது. பதினோரு வருடத்துக்கு எட்டே நிமிடம். நான் கதவைச் சாத்தி, அதில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றேன். தொட்டிக்கு மேலே ஒட்டியிருந்த முத்துமாலைக்காரியைக் கிழித்துக் குப்பையில் போட்டேன். எல்ராய் கீழே கண்ணாடிகளைச் சேகரிக்கிற சத்தம் கேட்டது. ஒவ்வொன்றாக, வழக்கத்தைவிட மெதுவாக.

படுக்கையறையைச் சரிசெய்யப் போனேன். கட்டிலில் ஒரே ஒரு கோட்டு கிடந்தது. சிவப்புக் கட்டம். எடுத்து மடிக்கும்போது விரலில் ஒரு பொத்தான் தட்டியது. பழுப்பு நிறம்.

நான் அதைக் கொண்டுபோய் வாசற்கதவை ஒட்டிய கொக்கியில் மாட்டினேன்.

கொஞ்ச நேரம் கழித்து எல்ராய் காலிப் பாட்டில்களோடு மேலே வந்தான். எங்கள் கொட்டகைக்குக் கொண்டுபோவதற்காகக் கோட்டை எடுத்து மாட்டினான். கோட்டுக்கை முழங்கைக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிட்டது. அவன் தன் மணிக்கட்டைப் பார்த்தான். பைக்குள் கைவிட்டான். இரண்டு காலித் தோட்டாக்களும், வயோலாவின் இருமல் மிட்டாய் ஒன்றும் வந்தன.

"என் கோட்ட மாட்டிட்டுப் போயிட்டான்."

"போய் வாங்கிட்டு வாயேன்."

"அவன்தானே எடுத்துட்டுப் போனான். அவன் கொண்டுவரட்டும்."

சொல்லிவிட்டு, கோட்டைக் கழற்றாமல், பனிக்காலணி போடும் பலகையில் உட்கார்ந்தான். பாட்டில்களைக் காலடியில் வைத்துக்கொண்டான். நான் ரொட்டித் துணுக்குகளைப் பெருக்கினேன். பெருக்கிய இடத்தையே மறுபடியும் பெருக்கினேன். பக்கத்து வீட்டு முன்விளக்கு எரிந்தது. அணைந்தது. மறுபடி எரிந்தது.

அழைப்புமணி அடித்தபோது எல்ராய் எழுந்த வேகத்தில் ஒரு பாட்டில் உருண்டது.

வாசலில் நார்பர்ட் நின்றான். கோட்டு அவன் முழங்கால் வரை தொங்கியது. கைகள் இருப்பதாகவே தெரியவில்லை.

"இது என்னோடது இல்லன்னு நினைக்கிறேன்" என்றான்.

எல்ராய் அவனை மேலும் கீழும் பார்த்தான். "கை எங்கடா?"

"உள்ளதான் எங்கயோ இருக்கு."

"அத மாட்டினப்பவே தெரியலையா?"

"கொஞ்ச தூரம் நடந்தப்புறம்தான் தெரிஞ்சுது."

"நடக்கறதுக்கு முப்பதடி. நீ போய் நாப்பது நிமிஷமாச்சு."

"மெதுவா நடந்தேன்."

இருவரும் தரையைப் பார்த்தார்கள். திறந்த கதவு வழியாக வீட்டின் சூடெல்லாம் வெளியே போய்க்கொண்டிருந்தது. வேறு நாளாக இருந்தால், தெருவையா சூடாக்குகிறோம் என்று நான் கத்தியிருப்பேன். அன்று துடைப்பத்தை இறுகப் பிடித்துக்கொண்டு, சமையலறை நிலைப்படியிலேயே நின்றேன்.

"சரி, அப்ப" என்றான் நார்பர்ட்.

யாரும் அசையவில்லை. எனக்கு அந்த இரண்டு வார்த்தைகள் போதும். விடைபெறல் தொடங்கிவிட்டது.

நார்பர்ட் முதலில் தன் கொதிகலனைப் பற்றிப் பேசினான். புதிதாகக் குடிவருகிறவர்களுக்கு அதன் இடதுபக்கத்தை உதைக்க வேண்டும் என்பதைச் சொல்லிவிடச் சொன்னான். எல்ராய் சொல்கிறேன் என்றான். பனி வாரும் மண்வாரி யாருடையது என்று பேசினார்கள், இருவருக்கும் நினைவில்லை. பிறகு எல்ராய் கதவுப்பிடியைத் திருகிக்கொண்டே, அந்தப் பிடியிடம் சொல்வது போலச் சொன்னான்.

"கிளெம்கிட்ட ஒன்றரை பவுண்டு கறி சொல்லிட்டு நிக்கிறேன். நார்பர்ட் வீட்ட வித்துட்டானாமேன்னு கேக்கறாரு. நான் முன்னாடியே தெரிஞ்ச மாதிரி தலையாட்டினேன். கடைல ஆறு பேரு இருந்தாங்க."

நார்பர்ட் வாசற்படிப் பனியைக் காலால் ஓரமாகத் தள்ளினான்.

"மூணு தடவ சொல்ல வந்தேன்" என்றான். "இதே வாசல்லதான். நீ ஒவ்வொரு தடவையும் அடுத்த வருஷம் கூடாரத்துக்குப் புது அடுப்பு வாங்கணும்னு ஆரம்பிச்சிடுவ. நானும் ஆமாம்பேன். அப்புறம் எப்படிச் சொல்றது?"

"வாயத் திறந்து சொல்றது."

"சொன்னா நிஜமாயிடும்டா."

எல்ராய் தலையசைத்தான். கோபமாக இல்லை. ஒரு சட்டம் ஏன் பொருந்தவில்லை என்று கடைசியில் கண்டுபிடித்தபோது அவன் தலையசைப்பது அப்படித்தான்.

"அந்தப் பலகைல மிச்சம் நாலடி என் கொட்டகைல கிடக்கு" என்றான் நார்பர்ட். "அத எடுத்துட்டுப் போறேன். உனக்கு வேணும்னா வச்சுக்க."

"அங்க எதுக்கு அது?"

"அந்த ஊர் வீட்டுல நிலவறையே கிடையாதாம். சமையலறை மூலைல ஒரு சின்ன மேடை மாதிரி போடலாம்னு."

"நாலடில ரெண்டு பேருதான் நிக்கலாம்."

"ரெண்டு பேரு போதும்."

எல்ராய் மூக்கைத் துடைத்துக்கொண்டான். தன் கோட்டுக்கையில், அதாவது நார்பர்டின் கோட்டுக்கையில். "மேடைக்குக் கால் நீ வைக்காத. நீ வச்சா ஆடும். ஏப்ரல்ல எனக்கு ரெண்டு வாரம் லீவு வருது. நான் வந்து வைக்கிறேன்."

"ஏப்ரல்லயே அங்க வெயில் கொளுத்துமாம்."

"அதுக்கென்ன, ஐஸ் கிடைக்குமில்ல?"

அப்போது வயோலா வந்தாள். தலையில் கம்பளிச் சால்வை, காலில் வீட்டுச் செருப்பு. ஒரு கோட்டைக் கொடுக்க இவ்வளவு நேரமா, நான் விதவையாகிவிட்டேனோ என்று பார்க்க வந்தேன் என்றாள். எல்ராய் அவளை உள்ளே இழுத்தான். அவள் என் பக்கத்தில் வந்து நின்று, என் காதருகே குனிந்தாள்.

"தெரியாம மாத்திட்டாருன்னா நினைக்கிற? கட்டில்ல ரெண்டையும் கைல எடுத்துப் பாத்துட்டு, நான் தச்ச பொத்தானத் தடவிப் பாத்துட்டு, உங்க ஆளோடத மாட்டினாரு. நான் கூடவே நின்னேன்."

பிறகு அவளும் சேர்ந்துகொண்டாள். நானும் துடைப்பத்தை வைத்துவிட்டுப் போனேன். மிச்சமிருந்த இறைச்சிச் சுருள்களைத் தட்டோடு கொண்டுவந்தேன். வயோலா இருமினால் மட்டும் கதவைச் சாத்துவோம். நின்றதும் யாராவது சரி அப்ப என்று சொல்லித் திறப்பார்கள். அப்படி ஏழு தடவையாவது சொல்லியிருப்போம். அக்காவின் காம்புக் கோப்பைகள் கீழே கழுவாமல் கிடந்தன. எட்டரைக்கு வயோலாவின் பற்கள் தந்தியடித்தன. அதனால் மட்டும்தான் கிளம்பினார்கள்.

எல்ராய் வாசலில் நின்று அவர்கள் பனியில் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். கொட்டகைக்குப் பக்கத்தில் போனதும் நார்பர்ட் திரும்பிக் கையாட்டினான். கை தெரியவில்லை. வெறும் கோட்டுக்கை மட்டும் ஆடியது.

"எல்ராய், கோட்ட மாத்திக்கவே இல்ல" என்றேன்.

"தெரியும்."

அவன் மணிக்கட்டு இரண்டும் குளிரில் சிவந்திருந்தன. கதவைச் சாத்தினான். "நாளைக்குக் கொண்டுவருவான்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்ததும் நார்பர்ட் கோட்டோடு வந்தான். ஒன்றே கால் மணி நேரம் நின்றான். போகும்போது அதையே மாட்டிக்கொண்டு போனான். திங்கட்கிழமையும் வந்தான்.